நாலடிக்கு மூன்றடிப் பாதுகாப்பு

உலகத்தைக் காப்பவர்கள் இரண்டே வகை. ஒருவர் பாற்கடலில் பாம்பின்மேல் படுத்துக்கொண்டு காக்கிறார். மற்றவர்கள் கோயம்புத்தூர் காந்திபுரத்தில், ஒரு துணிக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு காக்கிறார்கள். இந்த இரண்டில் பின்னவர்களே மேலானவர்கள் என்பது இந்தக் கதையைச் சொல்பவனின் தாழ்மையான முடிவு. முன்னவரிடம் ஒழுங்குமுறை போதாது. முதலை காலைக் கவ்விவிட்டது என்று ஒரு யானை கத்தியதும் கருடனைக் கிளப்பிக்கொண்டு ஓடினாராமே, அது ஒரு நிர்வாகமா? யானை மனுக் கொடுத்ததா? இரண்டு பிரதி வைத்ததா? கவ்விய இடத்தை அளந்து பார்க்க ஆள் போனதா? 'ஆபத்பாந்தவன் இன்சூரன்ஸ்' கம்பெனியார் இந்த மாதிரி அவசரக் காரியம் எதையும் செய்ததாக வரலாறு இல்லை.

அப்படிப்பட்டவர்களின் காவலில் இருக்கும் பாக்கியம் சிங்காநல்லூர் வெள்ளியங்கிரிக்குத் தானாக வந்து சேர்ந்தது. மில் கூட்டுறவுச் சங்கத்தில் வீட்டுக்கடன் வாங்கிய அன்றைக்கு, "இதுலயும் ஒரு கையெழுத்துங்க" என்று அந்தக் கம்பெனியின் வீட்டுக் காப்பீட்டுத் தாளையும் நீட்டினார்கள். போட்டார். மில்லில் அவர் ஃபிட்டர். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதும், சுவரில் ஒட்டிய நோட்டீசை வேதவாக்காக எடுத்துக்கொள்வதும் இருபத்தாறு வருஷத்துப் பழக்கம். இன்னொரு பழக்கமும் உண்டு, அது பிறந்த மண்ணின் பழக்கம். வீடு தேடி வந்தவரிடம் 'இல்லை' என்றும் 'வேண்டாம்' என்றும் சொல்ல அவர் நாக்கு வளையாது. சீட்டுப் பணம் கேட்டு வந்தவனுக்கே மோர் கொடுத்து, அவன் அம்மா உடம்பை விசாரித்து, பேருந்து நிறுத்தம் வரை போய் ஏற்றிவிட்டு வருகிற மனுஷர்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு வைகாசி மாதத்துச் சாயங்காலம் சூறைக்காற்று அடித்தது. அரைமணி நேரம்தான். கொல்லைப்புறத்துத் தென்னைமரம் குலை குரும்பையோடு வீட்டின் பின்னறைமேல் படுத்துவிட்டது. சீமை ஓடு நானூறும் பொடிப்பொடி. சட்டங்கள் முறிந்து தொங்கின. அறையில் கிடந்த கட்டிலில் மனுஷனைப் போல மரத்தின் தலை வந்து படுத்துக்கொண்டது. நல்லவேளை, வெள்ளியங்கிரியின் மனைவி ராமாத்தாள் முன்வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தார்.

ஓடு போனதுகூடப் பெரிதில்லை. அது யாருடைய அறை என்பதுதான் விஷயம். மகள் பொற்கொடியைப் பல்லடத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளுக்கு அப்போது மூன்று மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்; ஐப்பசியில் கூட்டி வரவேண்டும்; வந்தால் அந்தப் பின்னறையில்தான் படுக்கவேண்டும். சம்பந்தியம்மாள் தெய்வாத்தாள் துக்கம் விசாரிக்க வந்தார். பின்னறையில் நின்று அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம் போனது.

"அதுக்கென்னுங்க, கூரை ஆச்சுன்னாச் சொல்லி உடுங்க. புள்ளைய அனுப்பி வெக்கறமுங்க" என்றார்.

இவ்வளவு மரியாதையாக யாரும் யாரையும் குத்த முடியாது. கூரை இல்லையென்றால் மகள் இல்லை. ராமாத்தாளுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. மில்லிலோ வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. கையிலிருந்ததைத் திரட்டினால் பாதிக் கூரை போடலாம். அப்போதுதான் வெள்ளியங்கிரிக்குக் கம்பெனி ஞாபகம் வந்தது.

க்ளெய்ம் பிரிவில் பக்ருன்னிசா என்ற அம்மையார் இருந்தார். கம்பெனியில் மனுஷர் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். அதனால்தானோ என்னவோ இன்னும் பதவி உயர்வு வரவில்லை. அவர் கொடுத்த படிவத்தில் முப்பத்தெட்டுக் கேள்விகள். 'காற்று எத்திசையிலிருந்து வந்தது, எத்திசைக்குச் சென்றது?' என்பது பதினேழாவது. வெள்ளியங்கிரி யோசித்து எழுதினார்: "மேற்கே இருந்து வந்தது. போனதைப் பார்க்க முடியவில்லை. மரம் மறைத்துவிட்டது."

பத்து நாளில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அதில் இருந்த ஒரு வரியைத் தங்கத்தில் பொறிக்கலாம்: 'எமது சர்வேயர் நேரில் வந்து பார்வையிடும் வரை, சேதமடைந்த பகுதி எதையும் தொடாமல், உள்ளது உள்ளபடியே வைத்திருக்கவும்.'

நோட்டீசை மதிப்பவர் கையில் இப்படி ஒரு வரி கிடைத்தால் கேட்கவேண்டுமா? வெள்ளியங்கிரி பின்னறை வாசலில் குறுக்கே ஒரு கயிறு கட்டினார். கட்டில்மேல் மரம் அப்படியே கிடந்தது. குலையிலிருந்த இளநீர் முற்றித் தேங்காயாயிற்று. ஒன்றைக்கூடப் பறிக்க விடவில்லை.

"ஏனுங்க, சட்டினிக்கு ஒரு காய் எடுத்துக்கட்டுங்களா?" என்று ராமாத்தாள் கேட்டார்.

"வேண்டாம் புள்ள. அது இப்பக் காயில்லை, சாட்சி."

"எத்தனை சாட்சின்னு கம்பெனிக்குத் தெரியுங்களா?"

"தெரியாது. அதனாலதான் பயமா இருக்குது."

சொந்த மரத்துக் காயைப் பார்த்துக்கொண்டே சிங்காநல்லூர் சந்தையில் தேங்காய் வாங்கினார்கள். பக்கத்து வீட்டுச் சின்னத்தாயியின் கோழி அந்த மட்டைகளுக்குள் புகுந்து முட்டையிட்டு, அடைகாத்து, ஒன்பது குஞ்சு பொரித்தது. கம்பெனிக் குஞ்சு என்றே தெருவில் பெயர். நாற்பத்தேழு நாள் ஆயிற்று. நாற்பத்தெட்டாம் நாள் கடிதம் வந்தது: 'வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு எமது சர்வேயர் திரு. பாலகோபால் வருகை தருவார்.'

அவருக்கு வீடு தெரியாதே, தேடி அலைவாரே என்று வெள்ளியங்கிரி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அவரைக் கூட்டி வரக் காந்திபுரத்துக்குப் புறப்பட்டார். அவர் தெருமுனை தாண்டியதும் ராமாத்தாள் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஓர் ஆபீசர், காரியமாக, முதன்முதலாக இந்த வாசற்படி மிதிக்கப்போகிறார். வீடோ இப்படிக் கிடக்கிறது. ராமாத்தாளுக்கு உடம்பு கூசியது.

"சின்னத்தாயி, செத்த வாங்க இங்க" என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். "ஆபீசரு வாராருங்க. நாறிக் கெடக்கற ஊட்டுல கொண்டுபோயி உக்கார வெச்சா, நம்மளப் பத்தி என்னங்க நெனைப்பாரு?"

அதற்குப் பிறகு அங்கே நடந்ததைத் தேசத்தின் பொதுப்பணித் துறைகள் பாடமாக வைக்கலாம். தெருப் பெண்கள் பதினோரு பேர் வந்தார்கள். மர அறுவைக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். மூன்று மணி நேரம். பக்கத்தில் கம்பெனி எதுவும் இல்லாததால் வேலை மளமளவென்று முடிந்தது.

ஆட்டோவில் வந்துகொண்டிருந்த பாலகோபால் தெருவுக்குள் நுழைந்ததும் சொன்னார்: "ரோடு நெம்ப நல்லா இருக்குதுங்களே. போன வருஷம் இந்தப் பக்கம் வந்தப்ப இடுப்பு போயிருச்சுங்க."

வெள்ளியங்கிரிக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது. காலையில் அந்தக் குழியில் தானே கால் இடறிவிட்டுத்தான் போயிருந்தார்.

வாசலில் கோலம். சுவரில் ஈரம் காயாத சுண்ணாம்பு. நிலையில் மாவிலை. பின்னறையில் கயிறு இல்லை, மரம் இல்லை, தூசி இல்லை. கட்டிலில் புது ஜமுக்காளம். மேலே பஞ்சுக் கிடங்கிலிருந்து வாங்கி வந்த தார்ப்பாய், அதற்குக் கீழே அது தெரியாதபடி, கல்யாணப் பந்தலில் கட்டுவது போல வெள்ளை வேட்டிகளைச் சேர்த்து மேற்கட்டி. வெள்ளியங்கிரிக்குத் தலை சுற்றியது. ஆனால் உள்ளதைச் சொல்லவேண்டும், அந்த ஒரு நொடி அவருக்குப் பெருமையாகவும் இருந்தது.

"வாங்க வாங்க" என்றார் ராமாத்தாள். "மொதல்ல சாப்புடுங்க. வேலை எங்கீங்க போயிருது?"

அரிசிம்பருப்பு சாதம், தட்டப்பயிறுக் குழம்பு, போளி போலத் தட்டி நெய் ஊற்றிய ஒப்புட்டு. ஒப்புட்டு நாலாவது விழுந்தபோது பாலகோபால் வேண்டாம் என்று இலைமேல் கையை வைத்து மறித்தார். கைமேலேயே ஐந்தாவது விழுந்தது. சாப்பிடுகிறவரிடம் இடிந்த கதையைப் பேசுவது அழகா? வெள்ளியங்கிரி பொறுத்தார். சாப்பிட்டவர் கண் சொருகவே, பின்னறைக் கட்டிலைக் காட்டினார்கள். படுத்தார். நாலு மணிக்கு எழுந்தார்.

"ஏனுங்க, இந்த ரூம்புல மட்டும் எப்படீங்க காத்து இப்படிப் பிச்சுக்கிட்டு வருது? என்ற ஊட்டுல ரெண்டு ஃபேன் ஓடுனாலும் இந்தச் சொகம் கெடைக்கறதில்லீங்க."

வெள்ளியங்கிரி ஒரு வழியாக வாயைத் திறந்து, மேற்கட்டியின் ஒரு முனையை அவிழ்த்து, தார்ப்பாயை நீக்கிக் காட்டினார். நீல வானம் தெரிந்தது. பாலகோபால் காகிதத்தை எடுத்துக் கடமையில் இறங்கினார்.

"மரம் எங்கீங்க?"

"பேக்கரிக்காரரு வெறகுக்குக் கேட்டாருங்க. ஏத்தி உட்டுட்டமுங்க" என்றார் ராமாத்தாள்.

"உடைஞ்ச ஓடு?"

"தெருமுக்குல குழி இருந்துதுங்க. நீங்க வர்ற வண்டி குலுங்குமேன்னு அதுல கொட்டி மூடிப்போட்டமுங்க."

தாம் சாட்சியத்தின் மேலேயே சவாரி செய்து வந்திருக்கிறோம் என்பது பாலகோபாலுக்குப் புரிந்தது. அவர் கெட்டவரில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு வருத்தமாகவே சொன்னார்: "இங்க பாருங்கண்ணா. ஓடு உடைஞ்சிருந்தா சேதம்னு எழுதலாமுங்க. ஓடே இல்லீன்னா என்னன்னு எழுதறது? இல்லாத ஓடு எப்படீங்க உடையும்? வானத்தை எழுதலாம்னா, அது நீங்க இன்சூர் பண்ணுன அயிட்டம் இல்லீங்களே."

கண்ணால் கண்டதைத்தான் எழுதினார். நேர்மை என்றால் அது. 'மரம்: காணப்படவில்லை. உடைந்த ஓடுகள்: காணப்படவில்லை. தூய்மை: கண்ணைக் கவர்கிறது. காற்றோட்டம்: மிகச் சிறப்பு.' ஆவணி பிறக்கும் முன்பே கம்பெனி வழக்கமில்லாத வேகத்தில் பதில் அனுப்பியது: சேதம் எதுவும் இல்லாமையால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

ராமாத்தாள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பின்னறையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நாந்தானுங்க கெடுத்துப்போட்டேன். புள்ள வர்றதுக்கு இருந்த வழிய என்ற கையாலயே கூட்டி அள்ளிப்போட்டேன்" என்று அழுதார். மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை அது.

வெள்ளியங்கிரிக்கு வாழ்நாளில் முதல்தடவையாகக் கோபம் வந்தது, மனைவிமேல் அல்ல. "வந்தவங்களுக்கு ஊட்டைக் கூட்டி வெச்சுச் சோறு போட்டது தப்புன்னா, தப்பு நம்ம மேல இல்லை அம்மணி. எழுந்திரி" என்றார். மறுநாள் காந்திபுரத்துக்குப் போனார். போகிற வழியெல்லாம் கோபத்தைக் கலையாமல் பிடித்து வைத்திருந்தார். மேலாளர் எழுந்து நின்று கைகூப்பி, "வாங்க, உக்காருங்க, டீ சாப்புடறீங்களா" என்றதும் அது எங்கே போனதென்று தெரியவில்லை.

"ஊட்டுல கூரை இல்லீங்க" என்றார் வெள்ளியங்கிரி, மெதுவாக.

"அது நீங்க சொல்றதுங்க. காகிதம் அப்படிச் சொல்லலீங்களே."

"நீங்களே ஒருக்கா வந்து பாருங்க."

"தாராளமா. மறு ஆய்வுக்கு மனுக் குடுங்க. பாலகோபாலே வாராருங்க, உங்க ஊட்டு ஒப்புட்டை அவரு இன்னம் மறக்கலை. ஆனா, போன தடவை காட்டாத மரத்தை இந்தத் தடவை காட்டோணுமுங்க. பழையபடி விழுந்த நெலையில."

"இருந்தது ஒரு மரந்தானுங்க."

"அப்படீங்களா" என்று மேலாளர் மனப்பூர்வமாக வருத்தப்பட்டார்.

வெளியே வந்தபோது பக்ருன்னிசா மெல்லிய குரலில் கூப்பிட்டார். "அண்ணா, உங்க ஃபைலைப் படிச்சுட்டு நான் அழுதுட்டேனுங்க. ஆனா அழுததை எழுதி வெக்க ஃபாரத்துல எடமில்லீங்க."

கம்பெனி வெள்ளியங்கிரியைக் கைவிட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் கம்பெனியை அறியாதவர்கள். புரட்டாசியில் தலைமையகம் 'பாதுகாப்பு இருவார விழா' கொண்டாட உத்தரவு போட்டது. கிளைக்கு ஒரு 'முன்மாதிரி இல்லத்தை'த் தேர்ந்தெடுக்கவேண்டும். காந்திபுரம் கிளையில் இருந்த கோப்புகளில் முந்நூற்றிச் சொச்சம் வீடுகள் இடிந்தும் எரிந்தும் கிடந்தன. 'கண்ணைக் கவர்கிறது' என்று எழுதிய கோப்பு ஒன்றே ஒன்றுதான். தேர்வுக் குழு ஒரே கூட்டத்தில் ஒருமனதாக முடிவெடுத்தது.

விழாவில் வெள்ளியங்கிரிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மேலாளர் பேசினார்: "புயலடிச்ச ஊருல, ஒரு ஓடுகூட உடையாம ஊட்டை வெச்சிருக்கற மனுஷருங்க இவரு." கைதட்டல். பிறகு கெட்டித் தகரத்தில் ஒரு பலகை கொடுத்தார்கள். நாலடிக்கு மூன்றடி. நீல வண்ணத்தில் வெள்ளை எழுத்து: 'இந்த இல்லம் ஆபத்பாந்தவன் பாதுகாப்பில் உள்ளது.' கீழே மூலையில் மேலாளரின் கையெழுத்து, சிவப்பில், ஒரு சாண் நீளம். வாசலில் மாட்ட வேண்டுமாம். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தார். வழக்கம்போல, "நெம்பச் சந்தோசமுங்க" என்று வந்தது. டவுன் பஸ்ஸில் கண்டக்டர் பாதுகாப்புக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார்.

ஐப்பசி நெருங்கியது. ராமாத்தாள் தோடு இரண்டையும் கழற்றிக் கொடுத்தார். உக்கடத்துப் பழைய சாமான் கடையில், இடித்த கிடங்கு ஒன்றின் சட்டமும் ஓடும் கிடைத்தன. வெள்ளியங்கிரியே ஏறிப் போட்டார். மளமளவென்று வந்த கூரை, கட்டிலுக்கு நேர் மேலே வந்ததும் நின்றது. ஓடு தீர்ந்துவிட்டது, பணமும் தீர்ந்துவிட்டது. இடைவெளியை அளந்தார். நாலடி. மூன்றடி.

ராமாத்தாள் உள்ளே போய்ப் பலகையை எடுத்து வந்து நீட்டினார். அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது. எழுத்துப் பக்கம் மேலே இருந்தால் மழை அடித்து ஆபீசர் பெயர் அழிந்துபோகும், அது மரியாதை இல்லை என்று, வெள்ளியங்கிரி எழுத்தைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி வைத்தார். நாலு மூலையிலும் ஆணி அடிக்கவேண்டும். ஒரு மூலையில் சட்டம் சரியாகச் சிவப்புக் கையெழுத்துக்குப் பின்னால் ஓடியது. கொஞ்சம் தயங்கிவிட்டு அடித்தார்.

சம்பந்தியம்மாள் தெய்வாத்தாள் வந்து அண்ணாந்து பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார். "பாதுகாப்புல இருக்குதுன்னு கூரையிலயே எழுதி வெச்சுப்போட்டீங்களே. பின்ன என்னுங்க" என்று திருப்திப்பட்டார். அந்த வாரமே பொற்கொடி வந்தாள். பெண் குழந்தை பிறந்தது. மருத்துவமனையிலிருந்து நேரே அந்தக் கட்டிலுக்கு வந்து, கண் திறந்தால் ஆபத்பாந்தவன் தெரிய, குழந்தை படுத்துக்கொண்டது.

பன்னிரண்டாம் நாள் கம்பெனியிலிருந்து கடிதம். பலகை மாட்டிய முன்மாதிரி இல்லத்தைத் தங்கள் பத்திரிகைக்காகப் படமெடுக்க மேலாளரே நேரில் வருகிறாராம். இரண்டு நாளாக மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. வாசலெல்லாம் சேறு, கொடியில் குழந்தைத் துணி, மூலையில் சட்டி பானை.

"ஆபீசரு வாராரு புள்ள. கூட்டிக் கீட்டி வெக்கலையா?" என்று வெள்ளியங்கிரி கேட்டார்.

ராமாத்தாள் குழந்தைக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "இந்தத் தடவை ஒண்ணையும் தொட வேண்டாமுங்க. உள்ளது உள்ளபடியே இருக்கட்டும்."

மேலாளர் குடையோடும் படக்காரரோடும் வந்தார். வாசலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "போர்டை இன்னம் மாட்டலீங்களா?"

"மாட்டியாச்சுங்க. உள்ள வாங்க" என்று ராமாத்தாள் பின்னறைக்குக் கூட்டிப்போனார். சோறு சாப்பிடுகிறீர்களா என்று கேட்கவில்லை. வெள்ளியங்கிரி பின்னாலேயே ஓடினார்.

கட்டில் சுவரோரமாக நகர்த்தப்பட்டிருந்தது. கட்டிலில் பொற்கொடியும் குழந்தையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கட்டில் இருந்த இடத்தில் ஓர் ஈயப் போசி இருந்தது. அதில் சொட்டு விழுந்துகொண்டே இருந்தது. மேலாளர் அண்ணாந்து பார்த்தார். தம் கம்பெனியின் பெயரைப் படித்தார். அவர் கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

"என்னங்க இது, பச்சப்புள்ளை படுக்கற எடம், கூரை இப்படி ஒழுகுது" என்றார், கடமை தவறாத கவலையோடு.

"கூரை ஒழுகலீங்க" என்றார் ராமாத்தாள். குரலில் ஒரு மரியாதையும் குறையவில்லை. "நாங்க போட்ட ஓடு ஒரு சொட்டு உடலீங்க. நல்லாப் பாருங்க. நீங்க கையெழுத்துப் போட்ட எடத்துல மட்டுந்தானுங்க ஒழுகுது."